பச்சைக் குழந்தையின் கண்ணில் பீளை: எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு இது முதல் குழந்தை. சுகப்பிரசவம். பிறந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. பத்தாம் நாளிலிருந்து இடது கண்ணில் பீளை தள்ளுகிறது. காலையில் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்கவே முடிவதில்லை. துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது; மதியத்துக்குள் மறுபடி மஞ்சளாகச் சேர்ந்துவிடுகிறது. கண்ணில் தண்ணீரும் நின்றுகொண்டே இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன் காட்டியபோது, கண்ணீர்க் குழாயில் அடைப்பு, மசாஜ் செய்தால் போதும் என்று சொல்லி மருத்துவர் அரை நிமிடம் செய்து காட்டினார். எனக்கு அந்த இடத்தில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. அம்மா தாய்ப்பாலை ஒரு சொட்டு விடச் சொல்கிறார். அண்ணி, தன் மகனுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்தில் மீதி இருந்ததைக் கொடுத்திருக்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். எட்டாம் மாதத்தில் எனக்கு வெள்ளைப்படுதல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டிருக்கும் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்கிறேன். அதற்கு முன் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிடுவோம்.

பளீரென்ற வெளிச்சத்தில் பச்சைக் குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்ளும். இமையை விரலால் பிரிக்கப் போனால் இன்னும் இறுக்கும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருக்கும் இடத்தில் குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடியுங்கள். சற்று நேரத்தில் தானாகவே கண்ணைத் திறக்கும். அந்த நேரத்தில் பீளையைப் பார்க்காதீர்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். இடது கண்ணின் வெள்ளையும் வலது கண்ணின் வெள்ளையும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? இமை வீங்கியிருக்கிறதா? இமையைச் சுற்றியுள்ள தோல் சிவந்திருக்கிறதா? நடுவில் இருக்கும் கருவிழி பளிங்குபோலத் தெளிவாக இருக்கிறதா, மங்கலாக, புகை படிந்ததுபோல இருக்கிறதா?

பீளை எவ்வளவு, என்ன நிறம் என்பதைவிட இந்த நான்கும் எனக்கு அதிகம் சொல்லும். தாய்மார்கள் பெரும்பாலும் பீளையின் நிறத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மஞ்சளாக வந்தால் சீழ், பச்சையாக வந்தால் முற்றிவிட்டது என்று. அது அப்படியல்ல. வடியாமல் தேங்கிய கண்ணீர் தானாகவே கெட்டியாகி மஞ்சளாகிவிடும். பீளை கொட்டியும் வெள்ளை வெளேரென்று இருக்கும் கண்ணைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வருவதில்லை. பீளை கொஞ்சமாக இருந்தாலும் வெள்ளை சிவந்து, இமை தடித்திருந்தால், அதுவும் பிறந்து 28 நாளுக்குள் என்றால், அந்தக் குழந்தையை அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

(பிறந்த குழந்தையின் வெள்ளை விழி ஓரத்தில் திட்டாகச் செக்கச்செவேலென்று ஒரு சிவப்பு சில நேரம் தெரியும். பிரசவத்தின்போது ஏற்பட்ட அழுத்தத்தில் மெல்லிய நாளம் ஒன்று உடைந்து கசிந்த ரத்தம் அது. ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். நான் சொல்வது கண் முழுவதும் பரவும் சிவப்பை.)

நீங்கள் எழுதியிருப்பதில் சிவப்பு பற்றியோ வீக்கம் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. ஒரே கண், எப்போதும் தண்ணீர், துடைத்தால் சரியாகிறது, மறுபடி சேர்கிறது. இது கண்ணீர்க் குழாய் அடைப்புக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. உங்கள் மருத்துவர் சொன்னதும் அதுதான்.

நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறதே, அது ஏன்? கண்ணீருக்கு மூக்குக்குள் ஒரு வடிகால் இருக்கிறது. இரண்டு இமைகளின் ஓரத்திலும், மூக்குப் பக்கமாக, ஊசி முனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே உள்ளே போய், மூக்கெலும்பை ஒட்டிய ஒரு சிறிய பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியே மூக்குக்குள் இறங்குகிறது. கருவில் இந்தப் பாதை உருவாகும்போது மூக்குக்குள் திறக்கும் கீழ் முனைதான் கடைசியில் திறக்கும். பல குழந்தைகள் பிறக்கும்போது அந்த இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இன்னும் மூடியே இருக்கும். 100 குழந்தைகளில் 5 முதல் 20 பேருக்கு இதனால் கண்ணில் நீர் தேங்கும். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் அந்தச் சவ்வு தானே திறந்துகொள்ளும்.

குழந்தை அழும்போது கண்ணீரே வருவதில்லையே, இந்தக் கண்ணில் மட்டும் எங்கிருந்து தண்ணீர் என்று உங்களுக்குத் தோன்றலாம். அழுகைக் கண்ணீர் வரச் சில வாரங்கள் ஆகும் என்பது உண்மை. ஆனால் கண்ணை ஈரமாக வைத்திருக்கும் நீர் பிறந்ததிலிருந்தே சுரக்கிறது. வலது கண்ணில் அது சத்தமில்லாமல் மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. இடது கண்ணில் போக வழியில்லை.

சரி, மசாஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சிகிச்சை பலிக்காமல் போவதாகச் சொல்லி வருபவர்களிடம், எப்படிச் செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் மூக்குத் தண்டின் பக்கவாட்டில் தோலை மட்டும் மெதுவாகத் தடவுவார்கள். அது குழந்தைக்கு இதமாக இருக்கும்; குழாய்க்கு ஒன்றும் ஆகாது. இந்த முறையை கிரிக்லர் என்ற மருத்துவர் 1923-இல் விவரித்தார். இதில் நடப்பது தடவல் இல்லை. பைக்குள் தேங்கிய நீரை அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளி, அந்த அழுத்தத்தாலேயே சவ்வைத் திறக்க வைப்பது.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால் குடித்துக் கண் சொக்கிக் கிடக்கும் நேரம் நல்ல நேரம். இப்போது உங்கள் முகத்திலேயே முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கண்ணின் உள்மூலையில், மூக்கு ஆரம்பிக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்தால் எலும்பில் ஒரு சிறிய பள்ளம் தட்டுப்படும். அதில்தான் பை உட்கார்ந்திருக்கிறது. குழந்தைக்கும் அதே இடம். சுண்டுவிரலின் சதைப்பகுதியை அங்கே வைத்து, முதலில் உள்நோக்கி, எலும்பின் மேல் அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல் அப்படியே கீழே, மூக்குத் துவாரத்தை நோக்கி ஒரு சென்டிமீட்டர் அளவு இழுங்கள். விரலை எடுத்து மறுபடி மேலிருந்து. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை.

எவ்வளவு அழுத்துவது என்பதுதான் உங்கள் பயம். உங்கள் விரல் நகத்தின் நுனி லேசாக வெளுக்கும் அளவு. விரல் எலும்பின் மேல் இருக்கிறது, கண்ணின் மேல் இல்லை. கண்விழி அதற்குப் பக்கத்தில் தள்ளித்தான் இருக்கிறது. அந்த இடத்தை நீங்கள் சரியாகப் பிடித்திருந்தால் அழுத்தும்போது உள்மூலையில் ஒரு துளி பீளை மேலே எட்டிப்பார்க்கும். அதைக் கண்டு பதறி நிறுத்திவிடுகிறார்கள். பையைச் சரியாக அழுத்துகிறீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. துடைத்துவிட்டுத் தொடருங்கள். குழந்தை முகத்தைச் சுளிக்கும், சிணுங்கும். பரவாயில்லை. ஆனால் அந்த மூலை சிவந்து, சூடாக, தொட்டால் வீறிட்டு அழும்படி வீங்கியிருந்தால் மசாஜ் செய்யவே கூடாது. பையிலேயே கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துடைப்பதற்கு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் சுத்தமான பஞ்சும் போதும். காய்ந்த பீளையைப் பிய்த்தெடுக்க வேண்டாம். ஈரப் பஞ்சை அரை நிமிடம் மேலே வைத்திருந்தால் அதுவே ஊறிக் கழன்றுவிடும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. இந்தக் கண்ணைத் துடைத்த பஞ்சு அந்தக் கண்ணுக்குப் போகக் கூடாது.

சளி பிடிக்கும்போது இது கூடும். ஒரு மாதம் நின்று மறுபடி வரும். ஒரு வயதை நெருங்கியும் நிற்கவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியை அந்தப் பாதையில் செலுத்தித் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் ஒரே முறையில் சரியாகும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

கர்ப்பகாலத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது மிகச் சாதாரணம். நீங்கள் சொல்லும் அந்த ஒன்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதே நேரம், அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது என்று நான் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். குழந்தை பிறப்புப் பாதை வழியே வரும்போது அங்கே இருக்கும் கிருமி கண்ணில் ஒட்டிக்கொள்ள முடியும். அப்படி வருபவற்றில் நாங்கள் அஞ்சுவது, உடலுறவு வழியே பரவக்கூடிய மூன்று: கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ். இதில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இவை இருக்கும் பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வெள்ளைப்படுதலே இல்லாதவருக்கும் இருக்கலாம். நிறைய இருந்தவருக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நீங்கள் சொல்லாமல் விட்டதால் எல்லாம் நடந்தது என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கிருமி எது என்பதை ஊகிக்க எங்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பு, கண் எத்தனையாவது நாளில் கெட்டது என்பது. கொனோரியா பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வந்துவிடும். இமை இரண்டும் புடைத்து, கண்ணைத் திறந்தால் கெட்டிச் சீழ் வழியும். பயிற்சியில் இருந்த காலத்தில் நான்கு நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இமையைப் பிரிக்கும் முன் என்னுடைய மூத்த மருத்துவர் என் தோளைத் தொட்டு, முதலில் கண்ணாடி போட்டுக்கொள் என்றார். ஏன் என்று பிரித்தபோது தெரிந்தது, சீழ் பீறிட்டது. அந்த நோயில் ஒரே நாளில் கருவிழி புண்ணாகி ஓட்டை விழுந்துவிடலாம். அன்றிரவு மணிக்கொரு தடவை உப்புநீரால் கண்ணைக் கழுவி, ஊசி மருந்தும் போட்டோம். ஒரு கண் முழுதாகத் தப்பியது. இன்னொன்றில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் சிவப்பும் வீக்கமும் என்றால் அன்றைக்கே என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பார்வையற்ற குழந்தைகள் பலருக்குக் கண் போனது இந்த நோயில்தான். 1880-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அவருடைய மருத்துவமனையில் 100-க்குப் பத்து குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்றும் சில நாடுகளில் பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆன்டிபயாடிக் களிம்பு போடுகிறார்கள். வேறு சில நாடுகள் அதை நிறுத்திவிட்டு, கர்ப்பத்திலேயே தாய்க்குப் பரிசோதனை செய்து குணப்படுத்துகின்றன. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தமானது. தாயும் சேர்ந்து குணமாகிறாள்.

உங்கள் குழந்தைக்குப் பத்தாம் நாளில் ஆரம்பித்திருக்கிறது. கொனோரியாவின் வேகத்தில் அது இல்லை. ஆனால் கிளமிடியா ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வருவது. சில நேரம் நீர் வடிதலாக மெதுவாகத்தான் தொடங்கும். அதனால்தான், அடைப்பு என்று ஏறத்தாழ உறுதியாகத் தெரிந்தாலும், 28 நாள் முடிவதற்குள் இன்னொரு முறை நேரில் காட்டுங்கள் என்கிறேன். காட்டும்போது அந்த எட்டாம் மாத விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். ஒரு வரி போதும். மருத்துவர் தேவையென்று நினைத்தால் இமையை மடக்கி உள்பக்கத்திலிருந்து மாதிரி எடுப்பார். கிளமிடியா செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி. வழிகிற பீளையை மட்டும் எடுத்து அனுப்பினால் அகப்படாமல் போகலாம். இருப்பது உறுதியானால் சொட்டு மருந்து மட்டும் போதாது, வாய் வழியே மருந்து கொடுக்க வேண்டும். அதே கிருமி மூக்கு, தொண்டை வழியே இறங்கிச் சில குழந்தைகளுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் நுரையீரல் அழற்சியாக வரும். காய்ச்சலே இல்லாமல் விட்டுவிட்டு வெட்டிவெட்டி இருமும். குழந்தைக்குக் கிளமிடியா உறுதியானால் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சிகிச்சை வேண்டும். இதில் யார் யாரைக் குறை சொல்வது என்ற பேச்சுக்கு இடமில்லை. இருவருக்கும் சில மாத்திரைகள், அவ்வளவுதான்.

ஹெர்பிஸ் பற்றியும் ஒன்று. முதல் சில வாரங்களில் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரிந்தாலோ, கண் தொந்தரவோடு குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ நேரே மருத்துவமனைதான். உதட்டில் கொப்புளம் இருக்கும் யாரும் குழந்தையைக் கொஞ்சி முத்தமிட வேண்டாம். அப்பாவாக இருந்தாலும்தான்.

இப்போது அண்ணி கொடுத்த மருந்து. அதை விடவே விடாதீர்கள். திறந்த குப்பி பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு மேல் சுத்தமாக இருக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் சிவப்பு குறைந்து குணமானதுபோலத் தெரியும். உள்ளே ஹெர்பிஸ் இருந்தால் அதற்குத் தீனி போட்டதுபோல ஆகும். ஸ்டீராய்டு இல்லாத மருந்தாக இருந்தாலும், பரிசோதனைக்கு முன் விட்டுவிட்டால் கிருமி மாதிரியில் சிக்காமல் போகலாம். மருத்துவரே எழுதிக் கொடுத்தால் விடுங்கள். குழந்தையைப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு சொட்டு வையுங்கள். கண் திறந்ததும் தானே உள்ளே போகும். இமையோடு போராட வேண்டியதில்லை.

அம்மா சொல்லும் தாய்ப்பால்? அதில் கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் இருப்பது உண்மை. அம்மா வெறுமனே சொல்லவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று கிருமிகளையும் அது குணப்படுத்தாது. அடைப்பையும் திறக்காது. கண்ணில் விட்ட பால் காய்ந்து இமையை இன்னும் ஒட்ட வைக்கும். பாலை விட்டுப் பார்ப்போம் என்று போகும் இரண்டு மூன்று நாள்தான் என் கவலை. அம்மாவுக்கு உதவ ஆசை என்றால், மசாஜ் செய்யும் நேரத்தில் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் மிகவும் சுலபம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீர் வடிகிற கண்ணோடு, வெளிச்சத்தைக் கண்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கருவிழி அடுத்த கண்ணைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். எவ்வளவு பெரிய, அழகான கண் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே வந்த கண் அழுத்த நோயால் கண் விரிந்திருந்தது. அதுவும் முதலில் கண்ணில் தண்ணீர் என்றுதான் வரும். அதேபோலக் கண்ணின் உள்மூலைக்குக் கீழே நீலம் பாய்ந்த சிறிய உருண்டை பிறந்ததிலிருந்தே தெரிந்தால், அது அடைபட்டுப் புடைத்த பை. அதையும் உடனே காட்ட வேண்டும்.

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை சிவந்திருப்பதாகத் தெரிந்தால் இன்றைக்கே கிளம்புங்கள். வெள்ளையாகத்தான் இருக்கிறது என்றால் நாளையோ மறுநாளோ போகலாம். ஆனால் போகிற அன்று காலையில் மட்டும் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். சுத்தமாகத் துடைத்து, பவுடர் போட்டுக் கூட்டி வரும் குழந்தையின் கண்ணில் எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை. விடிந்ததும் ஒட்டியபடி இருக்கும் கண்ணை ஒரு படமும், பிறகு திறந்திருக்கும்போது ஒரு படமும் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனையாவது நாளில் ஆரம்பித்தது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும், நான் மசாஜ் செய்கிறேன், சரியா என்று பாருங்கள் என்று கேட்டு, மருத்துவர் எதிரிலேயே உங்கள் விரலால் செய்து காட்டுங்கள்.